பேனாவால் தமிழ் எழுதும் இன்பம்: நண்பர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கிருஷ்ணகிரியில் கணக்கர் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்டார். "நாள் முழுவதும் விசைப்பலகையில் தட்டுகிறேன். கைபேசியில் இப்போது பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. நாற்பது வயதுக்கு மேல் மை பேனா வாங்கி எழுதிப் பழகுவதில் இன்பம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எதில் இருக்கிறது? ஆங்கிலத்துக்கும் உருதுவுக்கும் இருப்பதுபோல் தமிழுக்கு அழகெழுத்து என்று ஒன்று உண்டா? என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியாத நிலையில் எங்கிருந்து தொடங்குவது? இடக்கையால் எழுதும் என் மகளுக்கும் மை பேனா வாங்கித் தரலாமா?" தருமபுரியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்பம் உண்டு. முதலில் அது வேகக் குறைவிலிருந்து வருகிறது. தட்டச்சு செய்யும்போது வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு அதன் முடிவைத் தேடலாம். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறொன்றைத் தொடங்கலாம். பேனாவில் அடித்தல் தெரியும் என்பதால், வினைமுற்று எதுவென்று பாதியாவது தீர்மானித்த பிறகே கை நகர்கிறது. தமிழில் இது இன்னும் ஒரு படி ஆழமாக நடக்கிறது. 'கொடு' என்று ஒலிமுறையில் தட்டும்போது முதலில் ககரம், அடுத்து ஒகரம் என்று காதில் விழும் வரிசையிலேயே விரல் போகிறது. கையால் எழுதும்போது ஒற்றைக் கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு கால். உயிரொலி மெய்க்குப் பின்னால் ஒலித்தாலும் அதன் குறியை முன்னால் இட வேண்டியிருப்பதால், எழுத்து முழுவதும் மனத்தில் உருவான பிறகே பேனா தாளைத் தொடுகிறது. இந்தச் சிறு முன்யோசனையை நாம் கவனிப்பதே இல்லை; ஆனால் ஒரு பக்கம் எழுதி முடித்ததும் மனம் அமைதியடைந்ததுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கையால் குறிப்பெடுத்தால் நினைவில் நன்றாகத் தங்கும் என்ற ஆய்வுகளைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது உண்மை; 2019இல் அதையே மீண்டும் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. 2024இல் நார்வேயில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளை அளந்தவர்கள், கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகளுக்கு இடையே தொடர்பு அதிகம் என்று கண்டார்கள். நினைவாற்றலுக்காக மட்டும் பேனா வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து. மருந்துபோல் எண்ணித் தொடங்கியவர்கள் அதை ஒரு மாதத்தில் இழுப்பறையில் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது உடலுக்குக் கிடைக்கும் சுகம். பந்துமுனைப் பேனாவில் இருப்பது எண்ணெய் கலந்த கெட்டி மை. முனையிலுள்ள சிறு குண்டு உருண்டால்தான் அது வெளிவரும். குண்டு உருள அழுத்தம் வேண்டும். பேனாவையும் சற்று நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தேர்வு எழுதி முடித்த பிள்ளைகளின் நடுவிரலில் தழும்பு விழுவதும், ஒரு பக்கத்தில் எழுதியது அடுத்த பக்கத்தில் பள்ளமாகத் தெரிவதும் இதனால்தான். மை பேனாவில் இருப்பது நீர்த்த மை. நிப்பின் பிளவு முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே வருவதால், நுண்புழையேற்றத்தால் மை தானாக முனைவரை வந்து நிற்கிறது; தாள் தொட்டவுடன் அது தாளுக்கு மாறுகிறது. மை இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே ஏற வேண்டும் என்பதற்காகவே நிப்புக்கு அடியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அழுத்துவதற்கு இங்கே எந்த வேலையும் இல்லை. பேனாவின் எடையே போதும். பல ஆண்டுகளாக அழுத்தி எழுதிய கைக்கு இந்தப் பழக்கத்தை விட ஓரிரு வாரமாவது ஆகும். விட்டபின் நிப்பு தாளில் வழுக்கிச் செல்லும் உணர்வும், ஈரமான கோடு கண்முன்னே காய்ந்து நிறம் மாறுவதும் எழுதுபவரைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளும்.

தமிழுக்கு அழகெழுத்து உண்டா என்பதற்கு நீண்ட பதில் வேண்டும். ஆங்கில அழகெழுத்தின் அடிப்படை வெட்டு முனை. அகன்ற முனையை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைத்து எழுதினால் ஒரு திசையில் கோடு தடித்தும் மறுதிசையில் மெலிந்தும் தானாக அமையும். உருது எழுத்து நாணல் பேனாவின் வெட்டு முனையோடு வளர்ந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'தி முஸல்மான்' என்ற உருது நாளிதழை எழுத்தர்கள் கையால் எழுதித்தான் அச்சுக்கு அனுப்பினார்கள். தமிழ் எழுத்து வளர்ந்த விதம் வேறு. அது முதலில் கல்லில் உளியாலும், பிறகு நெடுங்காலம் ஓலையில் எழுத்தாணியாலும் எழுதப்பட்டது. எழுத்தாணியின் கூர்முனைக்குத் தடிப்பும் மெலிவும் கிடையாது. வலக்கை ஆணியைப் பிடிக்க, இடக்கைப் பெருவிரல் அதைத் தாங்க, ஓலை நகர்ந்துகொண்டே போகும். கீறி முடித்தபின் கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கும். ஒரே பருமனில் ஓடும் கோடுதான் நம் எழுத்துக்கு இயல்பு.

இதை நம் ஊரிலேயே கண்ணால் பார்க்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்கள் இரண்டிலும் நடுகற்கள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களில், ஆநிரை மீட்கவோ காக்கவோ போரிட்டு மாண்டவர்களைப் பற்றிய சில வரிகள் வட்டெழுத்து என்ற பழைய வளைந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. பொருள் புரியாவிட்டாலும் அந்தக் கோடுகளை விரலால் காற்றில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் வளைந்து முடியும். ஓலையின் நரம்பு வழியே நேர்க்கோடு இழுத்தால் கிழியும் என்பதால்தான் தமிழ் எழுத்து வளைந்தது என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அதே ஓலையில்தான் டகரமும் பகரமும் நேர்க்கோடுகளோடு எழுதப்பட்டன என்பதால் அந்த விளக்கம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. வேகமாக எழுதும் கை மூலைகளை உருட்டிவிடும் என்பதும் சேர்ந்தே நடந்திருக்க வேண்டும்.

ஆகவே, கடையில் 'காலிகிராபி செட்' என்று விற்கும் அகன்ற வெட்டு நிப்புகளை முதலில் வாங்காதீர்கள். அந்த நிப்பால் சிறிய அளவில் ணகரம் எழுதினால் மூன்று சுழிகளும் மையால் அடைபட்டுக் கரும்புள்ளிகளாகும். வாழ்த்து மடலுக்கோ வீட்டு வாசல் பலகைக்கோ விரலளவு உயரத்தில் எழுதுவதாக இருந்தால் அது அழகாகவே இருக்கும். அன்றாட எழுத்துக்கு உருண்டை முனை கொண்ட நடுத்தர நிப்பே தமிழுக்குப் பொருந்தும். மெல்லிய நிப்பு நம் சாதாரண நோட்டுத் தாளைக் கீறும், நாரையும் இழுத்துக்கொண்டு வரும்.

இனிப் பயிற்சி. உங்கள் எழுத்து படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் சுழிகள்தாம். அவசரத்தில் நாம் முதலில் விடுவது சுழியை. மூன்று சுழி ணகரம் இரண்டாகும், இரண்டு சுழி னகரம் ஒன்றாகும், பிறகு இரண்டும் வெறும் வளைவாகிவிடும். 'மனம்' என்பதும் 'மணம்' என்பதும் கையெழுத்தில் ஒன்றாகிவிட்டால் படிப்பவர் என்ன செய்வார்? எனவே முதல் வாரம் எழுத்தின் அழகைப் பற்றிக் கவலைப்படாமல், சுழிகள் எல்லாம் ஒரே அளவில் திறந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். 'தென்னையின் மண்ணில் தண்ணீர் நின்றது' போன்ற ஒரு வரியைப் பெரிதாக, மெதுவாக எழுதுங்கள். அடுத்து கீழே இறங்கும் எழுத்துகள்: து, ழ, ஞ, ற. இவற்றின் வால்கள் எல்லாம் ஒரே ஆழத்துக்கு இறங்கினால் வரி தானாக ஒழுங்காகத் தெரியும். மூன்றாவதாக மேல்விலங்கு. கி, மி, நி ஆகியவற்றின் விலங்கை ஒரே உயரத்தில் முடிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்தைச் சாய்ப்பதா நிமிர்த்துவதா என்பது உங்கள் விருப்பம். ஒரே பக்கத்தில் இரண்டையும் செய்யாமல் இருந்தால் சரி. நான்கு கோடு நோட்டு வேண்டியதில்லை, அது ஆங்கிலத்துக்கானது. இரட்டைக் கோடு நோட்டு போதும்.

பயிற்சியின் நடுவே ஒரு நாள் பழைய எழுத்து வடிவங்களையும் எழுதிப் பாருங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களுக்கும் தனிச் சுழியும், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கைபோல் வளைந்த தனி வடிவமும் இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தி வந்தார். அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுப் பொறிக்கும் இந்த மாற்றம் பெரிய உதவி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பழைய துதிக்கை வடிவில் பேனாவை எடுக்காமலேயே லகரத்துக்குள் நுழைந்துவிடலாம். புதிய வடிவில் இரட்டைச் சுழியை முடித்துவிட்டு எழுத்தைத் தனியே தொடங்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய கடிதம் ஏதேனும் இருந்தால் எடுத்து வைத்து, அதன் மேலேயே காய்ந்த பேனாவை ஓட்டிப் பாருங்கள். அவர்கள் கை எங்கே வேகமெடுத்தது, எங்கே நின்று மூச்சுவிட்டது என்பது உங்கள் விரலுக்குத் தெரியவரும். கையெழுத்துத் தரும் இன்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நீங்கள் கணக்கர் என்பதால் உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்படும்வரை ஊர்க்கணக்கு கர்ணம் எனப்பட்ட கிராமக் கணக்கரின் கையில் இருந்தது. பழைய கணக்குகளிலும் பத்திரங்களிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று தனிக் குறிகள் உண்டு. இவை எல்லாம் வேகமாக எழுதிய கையில் பிறந்த சுருக்கங்கள். பேனாவை எடுக்காமல் ஒரே சுற்றில் போடலாம். வீட்டு வரவுசெலவு நோட்டில் இவற்றைப் போட்டுப் பழகினால் கைக்கும் பயிற்சி, பழைய பத்திரம் படிக்கவும் உதவி.

பேனா விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. எஃகு நிப்பு கொண்ட எளிய பேனாவே தொடக்கத்துக்குப் போதும். பிறகு விருப்பம் வளர்ந்தால், திருவள்ளூரில் எபோனைட்டைக் கையால் கடைந்து செய்யும் பேனாக்கள் இருக்கின்றன. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், கையில் பிடிக்கக் குளிர்ச்சியில்லாமல் மிதமாக இருக்கும். இவற்றில் பலவும் சொட்டுக்குழாயால் மையை நேரே உடலுக்குள் ஊற்றும் வகை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இவ்வகைப் பேனா ஒரு குறும்பு செய்யும். மை கால்பங்குக்குக் கீழே குறைந்ததும் உள்ளே காற்று அதிகமாகி, கையின் சூட்டில் அது விரிந்து, ஒரு சொட்டு மையைத் தாளில் தள்ளிவிடும். மை பாதியானதும் நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும்போதும் இதே கதைதான். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து உள்காற்று மையைத் தள்ளும். சட்டைப் பையில் நிப்பு மேல்நோக்கி இருக்குமாறு செருகிக்கொண்டு போங்கள்.

மைக்கு ராயல் நீலம் போதும்; கழுவினால் போகும், பேனாவையும் அடைக்காது. மாதம் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் நிப்பைக் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம். மலிவான நோட்டில் மை பரவிப் பின்பக்கம் தெரிந்தால் பேனாவைக் குறை சொல்லாதீர்கள். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் நகலெடுக்கும் தாளில் எழுதிப் பாருங்கள், அது மையை நன்றாகவே தாங்குகிறது.

மை செய்வதில் ஆர்வம் இருந்தால், நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடலாம். கடுக்காய்த் தோலை இடித்து ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டிய நீரில் அன்னபேதியைக் கரைத்து, சிறிது கருவேலம்பிசின் சேர்த்தால் எழுதும் மை ஆகிவிடும். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் சேர்வதால் நிறம் பிறக்கிறது. எழுதும்போது வெளிறித் தெரியும் கோடு, காற்றுப் பட்டுப் பட்டு மறுநாள் கறுத்திருக்கும். இந்த மையை மை பேனாவுக்குள் ஊற்றவே கூடாது. வண்டல் அடைத்துக்கொள்ளும், அமிலம் எஃகை அரிக்கும். தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் பட்டால் போகாது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் கேட்பீர்கள். பார்த்து எழுதுவது கையைத் திருத்தும், ஆனால் விரைவில் சலிக்கும். அஞ்சலட்டைதான் என் பரிந்துரை. இடம் குறைவு என்பதால் சொல்ல வேண்டியதை முன்பே அளந்துகொள்ள நேரும். பெற்றுக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதால் எழுத்தும் தானாகத் திருந்தும். வரி முடியும் இடத்தில் தமிழ் நமக்குத் தரும் சலுகை ஒன்று இருக்கிறது: நீண்ட சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, இடைக்கோடு போடாமலேயே அடுத்த வரியில் தொடரலாம். 'சொல்லிக்கொண்டிருந்தார்களாம்' என்பதை நான்கு இடங்களிலாவது அழகாக உடைக்க முடியும். கொம்பை ஒரு வரியிலும் அதன் மெய்யை அடுத்த வரியிலும் விடக்கூடாது, புள்ளி வைத்த எழுத்தால் வரியைத் தொடங்கக்கூடாது என்ற இரண்டை மட்டும் காத்தால், வலப்பக்க ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக வரும்.

கடைசியாக உங்கள் மகள். இடக்கைப் பழக்கத்தை மாற்ற முயலவே வேண்டாம். ஒரு காலத்தில் பள்ளிகளில் அடித்து மாற்றினார்கள், அதனால் எழுத்து நன்றாக வந்ததை நான் பார்த்ததில்லை. இடமிருந்து வலமாக எழுதும்போது அவள் கை ஈர மையின் மேலேயே நகரும் என்பதுதான் உண்மையான சிக்கல். அதற்கு மூன்று வழிகள் உண்டு. தாளின் தலைப்பகுதி வலப்பக்கம் சாயுமாறு திருப்பி வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்குங்கள். உங்களுக்குச் சொன்ன நடுத்தர நிப்புக்குப் பதிலாக அவளுக்கு மெல்லிய நிப்பை வாங்கித் தாருங்கள்; தாள் மட்டும் வழவழப்பாக இருக்கட்டும், கீறாது. மை விரைந்து காயும் வகையாக இருக்கட்டும். மேலும், விரல் பிடிக்க முக்கோணமாகப் பள்ளம் வெட்டிய பேனாக்களில் சில வலக்கைக்காகவே அமைந்தவை. கடையிலேயே அவள் கையில் கொடுத்து எழுதிப் பார்த்து, நிப்பின் முகம் மேல்நோக்கி இருக்கும்போது விரல்கள் இயல்பாக உட்காருகின்றனவா என்று பார்த்த பின் வாங்குங்கள். உருண்டையான கழுத்துள்ள பேனா கிடைத்தால் அதுவே இருவருக்கும் பொது.